மாடியில் ஒரு பழைய சர்வர்: தி கிராஃப் இண்டெக்சர் ஓட்டலாமா? (கடலூர்)

தேவனாம்பட்டினம்_அலை
3 பிப்ரவரி 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்க்காரன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். அங்கே கழித்துப் போட்ட ரேக் சர்வர் ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு எடுத்து வந்து மாடி அறையில் வைத்திருக்கிறேன். 64 ஜிபி ராம். 2 டெராபைட் என்விஎம்இ இரண்டு என் காசில் வாங்கிப் போட்டேன். ஆன் செய்தால் ரைஸ்மில் மாதிரி சத்தம். அம்மா தினமும் ஒரு தடவையாவது வந்து திட்டிவிட்டுப் போகிறார்.

இதில் உருப்படியாக என்ன ஓட்டலாம் என்று தேடியபோது தி கிராஃப் என்ற, பிளாக்செயின் தரவைத் தேடித் தரும் நெட்வொர்க் கண்ணில் பட்டது. எனக்குப் புரிந்தவரை, எதீரியம் மாதிரி ஒரு பிளாக்செயினில் நடந்ததெல்லாம் நடந்த வரிசையில் பிளாக் பிளாக்காகக் கிடக்கிறது. "இந்த முகவரிக்காரர் போன வருடம் இந்தக் கான்ட்ராக்டில் என்னென்ன செய்தார்" என்று கேட்டால் (கான்ட்ராக்ட் என்பது செயினில் ஓடும் நிரல்) செயின் நேராகப் பதில் சொல்லாது. உட்கார்ந்து புரட்ட வேண்டும். முன்கூட்டியே புரட்டி, பிரித்து, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவர் இண்டெக்சர்.

அப்பா முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். சாப்பிடும்போது அவரிடம் இதை விளக்கினேன். பாதியிலேயே, "வில்லங்கம் பார்க்கிற வேலை என்று சொல்லேன்" என்றார். பதிவு அலுவலகத்தில் பத்திரங்கள் பதிவான வரிசையில் புத்தகத்தில் ஏறும். ஒரு சர்வே நம்பரில் என்னென்ன நடந்தது என்று அந்தப் புத்தகத்தை வைத்துத் தேடினால் ஆயுசு போதாது. அதற்காகப் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக இன்னொரு அட்டவணை என்று தனியாக எழுதி வைப்பார்களாம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வில்லங்கம் போடுவது என்றால் அந்த அட்டவணையைப் புரட்டுவதுதான். நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த நெட்வொர்க்கின் டோக்கனான ஜிஆர்டி ஒரு லட்சம் பிணையாகக் கட்டினால்தான் சேர முடியுமாமே? வீட்டிலிருந்தே ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? கரன்ட் பில் தாங்குமா?

முந்திரிக்கொட்டை
3 பிப்ரவரி, இரவு 9.52

பெயருக்கு ஏற்றபடி முந்திக்கொண்டு வந்துவிட்டேன். பதில் ஒன்றும் தெரியாது. துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன்.

லாஸ்பேட்டை_ரேக்
3 பிப்ரவரி, இரவு 11.15

அலை தம்பி, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 2021லிருந்து மெயின்நெட்டில் (நிஜப் பணம் புழங்கும் நெட்வொர்க்கில்) ஒரு சின்ன இண்டெக்சர் ஓட்டுகிறோம். அப்பாவின் உதாரணத்தைத் திருடிக்கொள்கிறேன், இனிமேல் யார் கேட்டாலும் அதையே சொல்லப் போகிறேன்.

ஆமாம், குறைந்தபட்சம் 1,00,000 ஜிஆர்டி ஸ்டேக், அதாவது பிணைத்தொகை, வேண்டும். இன்றைய விலைக்குப் பத்து லட்சத்துக்கு மேல். 2021 பிப்ரவரியில் ஒரு டோக்கன் 2.80 டாலரைத் தொட்டது. இப்போது 20 சென்ட்டுக்குக் கீழே. நாங்கள் கட்டின பிணைத்தொகை எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்.

ஆனால் ஸ்டேக்கை ஒரு நாளில் கட்டிவிடலாம். தினமும் கட்டி அழ வேண்டியது, செயினின் நகலை வைத்திருக்கும் நோடைத்தான். சப்கிராஃப் (எந்தத் தரவை எடுத்து எப்படி அடுக்குவது என்ற குறிப்பு) பழைய பிளாக் ஒன்றில் கான்ட்ராக்டின் நிலை என்ன என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல, பழைய நிலைகளையெல்லாம் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடு வேண்டும். எதீரியத்துக்கு கெத் என்ற நோடு மென்பொருளின் பழைய முறை ஆர்க்கைவ் 12 டெராபைட்டைத் தாண்டிப் போனது. எரிகான், ரெத் என்ற வேறு மென்பொருள்கள் என்றால் 2, 3 டெராபைட்டுக்குள் அடங்கும். உங்கள் 4 டெராபைட்டில் அதை வைத்தால் போஸ்ட்கிரஸுக்கு மிச்சம் என்ன? இதுவும் ஒரு செயினுக்குத்தான். இப்போது சப்கிராஃப்கள் ஆர்பிட்ரம், பேஸ், பாலிகான் என்று எல்லாச் செயினிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நோடு வைக்க வேண்டும், இல்லை வாடகை ஆர்பிசி (இன்னொருவர் நோடிடம் கேட்கும் இணைப்பு) வாங்க வேண்டும். எங்கள் செலவில் பெரிய பங்கு அங்கேதான் போகிறது.

அதற்கு மேல் சப்கிராஃபை ஓட்டும் கிராஃப் நோடு, போஸ்ட்கிரஸ், சப்கிராஃப் கோப்புகள் கிடக்கும் ஐபிஎஃப்எஸ். அப்புறம் எந்த சப்கிராஃபுக்கு எவ்வளவு ஸ்டேக் ஒதுக்குவது என்று பார்க்கும் ஏஜென்ட், வெளியிலிருந்து வரும் கேள்விகளை வாங்கும் சர்வீஸ், அந்தக் கேள்விகளின் ரசீதுகளைக் கூட்டிப் பணமாக்கும் டாப் ஏஜென்ட். ஆறு பேர் வேலை செய்கிற கடை மாதிரி. ஒருவர் வராவிட்டாலும் ஷட்டர் பாதிதான் திறக்கும்.

வீட்டிலிருந்து ஓட்டுவதைப் பற்றி ஒரு கதையே இருக்கிறது. மணி ஆகிவிட்டது, நாளை எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம்_அலை
4 பிப்ரவரி, காலை 7.05

அண்ணா, நன்றி. கரன்ட் கணக்கை மட்டும் நானே போட்டுவிட்டேன். வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன், சும்மா நிற்கும்போதே 200 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 4.8 யூனிட். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக 288 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும், தாண்டினால் ஸ்லாப் மாறும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முந்திரிக்கொட்டை
4 பிப்ரவரி, காலை 7.20

சொல்லாதீர்கள்.

லாஸ்பேட்டை_ரேக்
4 பிப்ரவரி, இரவு 10.30

விட்ட கதை.

மெயின்நெட் வேலையெல்லாம் வாடகை சர்வரில். ஆர்பிட்ரம் செபோலியா டெஸ்ட்நெட்டுக்கு (நிஜப் பணம் இல்லாத சோதனை நெட்வொர்க்) மட்டும் என் வீட்டு ஹாலில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். அதில் சிங்க் (செயினைத் தொடக்கத்திலிருந்து படித்து முடிப்பது) மெதுவாகப் போகிறது என்று போஸ்ட்கிரஸில் எஃப்சிங்கை ஆஃப் செய்தேன். டிஸ்கில் எழுதியாகிவிட்டதா என்று காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும், பறக்கும். டெஸ்ட்நெட்தானே என்ற அலட்சியம்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. சாயங்காலமே கரன்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன், லைட், வயதான மாமியாருக்கு நெபுலைசர், கூடவே என் பெட்டி. எதை நிறுத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறையாக ஷட்டவுன் செய்யலாம் என்று கீபோர்டைத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே இன்வெர்ட்டர் நீளமாக ஒரு பீப் கொடுத்து அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் படியைத் தண்ணீர் தாண்டியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியை மாடிக்குத் தூக்கினேன்.

கரன்ட் வந்ததும் ஆன் செய்தேன். கிராஃப் நோடு எழுந்தது, போஸ்ட்கிரஸ் எழவில்லை. லாகில் ஒரே வரி, "பேனிக்" என்று தொடங்கியது. சரியான செக்பாயின்ட் பதிவைக் காணோம் என்று பொருள். பேக்கப்? டெஸ்ட்நெட்டுக்கு யார் பேக்கப் எடுப்பார்கள். பதின்மூன்று சப்கிராஃப், எல்லாம் முதலிலிருந்து.

இதே பெட்டி மெயின்நெட்டில் இருந்திருந்தால் கதை வேறு. ஸ்டேக்கை ஒரு சப்கிராஃபுக்கு ஒதுக்குவதை அலொகேஷன் என்கிறோம். அதிகபட்சம் 28 எபோக்குக்குள் அதை மூடிவிட வேண்டும். ஓர் எபோக் 6,646 எதீரியம் பிளாக், 12 விநாடிக்கு ஒரு பிளாக் என்றால் 22 மணி நேரச் சொச்சம். மூடும்போது அதுவரை இண்டெக்ஸ் செய்ததற்கான சான்றைக் கொடுத்தால்தான் வெகுமதி. டேட்டாபேஸ் போய்விட்டால் சான்று எங்கிருந்து வரும்? வெற்றுச் சான்றோடு மூடலாம், ஒரு பைசா வராது. 28 எபோக்கைத் தாண்டவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து மூடிவிட்டுப் போகலாம், அப்போதும் வராது. கெடு 26 நாள் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய சப்கிராஃப் ஒன்றை முதலிலிருந்து சிங்க் செய்ய அதைவிட அதிக நாள் ஆகும்.

தேவனாம்பட்டினம்_அலை
4 பிப்ரவரி, இரவு 10.58

எங்கள் பக்கம் சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணைத் தண்ணீர்தான் ஊருக்குள் வந்தது. மாடியில் இருந்ததால் சர்வர் தப்பித்தது. ஆனால் உப்புக்காற்றுக்கு மாடி, தரை என்ற பேதம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ராமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்தால்தான் பூட் ஆகிறது.

வில்லியனூர்_வாசி
5 பிப்ரவரி, காலை 6.10

நான் ரிட்டயர்டு ஆள். கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். டோக்கன், ஸ்டேக், வெகுமதி என்கிறீர்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் இப்படித்தான் ஏதோ காயினில் போட்டுப் பறிகொடுத்தார்கள். அதை விற்றவனும் சர்வர், நெட்வொர்க் என்றுதான் பேசினான். இது அதிலிருந்து எப்படி வேறு?

ரஸ்ட்_நண்டு
5 பிப்ரவரி, காலை 9.45

சார், கேட்க வேண்டிய கேள்விதான். நான் சப்கிராஃப் எழுதுகிற பக்கம் இருக்கிறேன், அங்கிருந்து சொல்கிறேன்.

டீ-ஃபை (பிளாக்செயினில் நடக்கும் நிதிச்சேவை) செயலி ஒன்று செய்கிறோம் என்று வையுங்கள். பயனரின் பழைய பரிவர்த்தனைகளைத் திரையில் காட்ட வேண்டும். அந்தத் தரவுக்காக நான் மூன்று கோப்பு எழுதுகிறேன். எந்தக் கான்ட்ராக்ட், எந்த பிளாக்கிலிருந்து என்று சொல்லும் மேனிஃபெஸ்ட். என்னென்ன கட்டம் வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா. கான்ட்ராக்டிலிருந்து ஒவ்வொரு ஈவென்ட் (என்ன நடந்தது என்ற பதிவு) வரும்போதும் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று சொல்லும் மேப்பிங், அது அசெம்ப்ளிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில். மூன்றும் சேர்ந்ததுதான் சப்கிராஃப். இண்டெக்சர்கள் அதை எடுத்து ஓட்டுவார்கள், என் செயலி கிராஃப்கியூஎல் என்ற வினவல் மொழியில் கேள்வி கேட்கும், கேள்விக்குக் காசு நான் கொடுக்கிறேன். மாதம் முதல் 1,00,000 கேள்வி இலவசம், அதற்கு மேல் கட்டணம். ஆக ஒரு முனையில் நிஜமான வாடிக்கையாளர் இருக்கிறார். ஆள் சேர்த்தால் கமிஷன் என்பதெல்லாம் இங்கே கிடையாது.

ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இண்டெக்சருக்கு வருகிற கூலியில் பெரும்பங்கு என்னைப் போன்றவர்கள் கொடுக்கும் கேள்விக்கட்டணம் இல்லை. வருடத்துக்கு 3 சதவீதம் என்று புதிதாக அச்சாகிற டோக்கன்தான். (ரேக் அண்ணா, தப்பாக இருந்தால் திருத்துங்கள்.) டோக்கன் விலை விழுந்தால் கூலியும் விழும். மோசடி என்பது வேறு, நஷ்டம் வரக்கூடிய தொழில் என்பது வேறு. இது இரண்டாவது வகை.

லாஸ்பேட்டை_ரேக்
5 பிப்ரவரி, பகல் 1.20

தப்பே இல்லை. எங்கள் கணக்கில் கேள்விக்கட்டணம் டீச்செலவுக்குக் காணும்.

நெறியாளர்
5 பிப்ரவரி, மாலை 4.00

"டெலிகேட் செய்தால் (டோக்கனை ஓர் இண்டெக்சரின் ஸ்டேக்கோடு சேர்த்துப் போட்டால்) மாதாமாதம் உறுதியான வருமானம்" என்று குழு இணைப்போடு வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். வில்லியனூர் ஐயா கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான். யாராவது தனிச்செய்தியில் வந்து வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களைக் கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள்.

வில்லியனூர்_வாசி
6 பிப்ரவரி, காலை 6.05

நண்டு அம்மாவுக்கு நன்றி, புரிந்தது. இன்னொன்று. தம்பியின் அப்பா சொன்ன உதாரணத்திலேயே கேட்கிறேன். என் மனையின் வில்லங்கத்தில் 1994இல் நடந்த ஓர் அடமானம் விட்டுப்போயிருந்தது. பத்திரம் புத்தகத்தில் இருக்கிறது, அட்டவணையில் ஏறவில்லை. எழுதினவர் விட்டுவிட்டார். விற்கப் போனபோதுதான் தெரிந்தது. உங்கள் இண்டெக்சர் ஒரு வரியை விட்டுவிட்டால், அல்லது வேண்டுமென்றே விட்டால், யாருக்குத் தெரியும்?

லாஸ்பேட்டை_ரேக்
6 பிப்ரவரி, இரவு 11.40

ஐயா, இந்த இழையின் நல்ல கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டவணையை ஒருவர் மட்டும் எழுதினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். இங்கே ஒரே சப்கிராஃபை ஐந்து பேர், பத்துப் பேர் தனித்தனியாக ஓட்டுகிறார்கள். மேப்பிங் ஒன்றே, செயின் ஒன்றே. ஆகவே ஒரு குறிப்பிட்ட பிளாக் வரை எல்லாருடைய டேட்டாபேஸும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதின ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து அரைத்து ஒரு ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுப்பார்கள். அதுதான் அலொகேஷனை மூடும்போது கொடுக்கும் சான்று, பிஓஐ. ஒரு வரி விட்டுப்போனாலும் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும்.

தப்பான சான்று கொடுத்தவர்மேல் யார் வேண்டுமானாலும் தகராறு தாக்கல் செய்யலாம். அப்படிச் செய்பவருக்கு இந்த நெட்வொர்க்கில் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஃபிஷர்மேன். மீனவர்! அவரும் ஒரு தொகையைப் பிணை வைத்துத்தான் புகார் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா புகார் குவியும். நடுவர் குழு விசாரித்து, தப்பு உறுதியானால் இண்டெக்சரின் சொந்த ஸ்டேக்கில் 2.5 சதவீதத்தை வெட்டும். ஒரு லட்சத்துக்கு 2,500 டோக்கன். வெட்டினதில் பாதி மீனவருக்கு, மீதி எரிக்கப்படும்.

எங்களுக்கே நடந்தது. ஒரு சப்கிராஃபில் எங்கள் ஹாஷ் ஒன்று, மற்ற மூன்று பேருடையது வேறொன்று. எங்கள் மேப்பிங் அதுவேதான், கிராஃப் நோடு பதிப்பும் அதுவேதான். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பாதி பாதியாகப் பிரித்து, இந்த பிளாக்கில் ஒத்துப்போகிறதா, அந்த பிளாக்கில் ஒத்துப்போகிறதா என்று தேடி, கடைசியில் ஒரே ஒரு பிளாக்கில் வந்து நின்றோம். நாங்கள் வாடகைக்கு எடுத்த ஆர்பிசி அந்த பிளாக்குக்கு ஒரு லாகை, அதாவது ஓர் ஈவென்ட் பதிவை, விட்டுவிட்டுக் கொடுத்திருந்தது. கிராஃப் நோடு அதை நம்பி எழுதிவிட்டது. ஐயா சொன்ன விட்டுப்போன அடமானம் அதுதான். பிறகு கிராஃப்மேன் என்ற கருவியை வைத்து, தேக்கி வைத்த பிளாக்குகளைச் சரிபார்த்து, அந்த இடத்துக்கு முன்னால் வரை ரிவைண்ட் செய்து, வேறு ஆர்பிசி வைத்துத் திரும்ப ஓட்டினோம். 11 நாள். அது முடிவதற்குள் அலொகேஷன் கெடு வந்துவிடுமோ என்று மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு பேர் தனித்தனியாக எழுதியிருந்ததால் தப்பு வெளியே வந்தது. நாங்கள் ஒருவர் மட்டுமே அந்த சப்கிராஃபை ஓட்டியிருந்தால் அந்த லாக் இன்றைக்கும் இருக்காது, யாருக்கும் தெரிந்திருக்காது.

முந்திரிக்கொட்டை
7 பிப்ரவரி, காலை 8.15

தேவனாம்பட்டினத்துக்காரர் இண்டெக்சராகப் போவதைவிட மீனவராகப் போவது பொருத்தமாக இருக்கும் போலிருக்கிறதே.

வில்லியனூர்_வாசி
7 பிப்ரவரி, காலை 8.40

திருப்தி. ஆனால் ஒரு குத்தல். நான்கு பேரும் ஒரே வாடகை ஆர்பிசியை எடுத்திருந்தால்? எல்லாரும் ஒரே இடத்தில் தப்பு செய்து, எல்லா ஹாஷும் ஒத்துப்போயிருக்குமே. அப்புறம் எங்கே பரவலாக்கம்?

லாஸ்பேட்டை_ரேக்
7 பிப்ரவரி, காலை 9.30

மறுக்க முடியவில்லை ஐயா. பலர் சேர்ந்து வாடகைக்குப் போவது உண்மை. அதனால்தான் நாங்கள் இப்போது எதீரியத்துக்கு மட்டுமாவது சொந்தமாக ரெத் வைத்திருக்கிறோம். மற்ற செயின்களுக்கு இன்னும் இரண்டு பேரிடம் வாங்கித்தான் ஓட்டுகிறோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பு இலவச ஹோஸ்டட் சர்வீஸ் என்று ஒன்று இருந்தது, ஒரே இடத்தில், ஒரே கையில். 2024 ஜூன் 12ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். அதை நம்பியிருந்த செயலிகள் எல்லாம் நெட்வொர்க்குக்கு மாற வேண்டியதாயிற்று. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

கணக்குப்பிள்ளை
8 பிப்ரவரி, மாலை 6.50

யாரும் வரியைப் பற்றிப் பேசவே இல்லையே! 2022 ஏப்ரலிலிருந்து மெய்நிகர் டிஜிட்டல் சொத்து (டோக்கனெல்லாம் அதில்தான்) விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். வாங்கின விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. சர்வர் வாடகை, ஆர்பிசி, கரன்ட், எதுவும் ஆகாது. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் நேர் செய்யவும் முடியாது. 2022 ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. வெகுமதியாக வரும் டோக்கன் கைக்கு வந்த தேதி, அன்றைய விலை, இரண்டையும் நாள் தவறாமல் எழுதி வையுங்கள். மார்ச்சில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து அழுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆடிட்டரும் நான்தான்.

தேவனாம்பட்டினம்_அலை
9 பிப்ரவரி, இரவு 10.10

முடிவு செய்துவிட்டேன். மெயின்நெட் இண்டெக்சர் எனக்கு இல்லை. பத்து லட்சமும் இல்லை, வீட்டு இணைப்பில் சொந்த ஐபியும் இல்லை. வெளியிலிருந்து கேள்வி வந்தால்கூட உள்ளே நுழைய வழியில்லை.

கையில் கொஞ்சம் ஜிஆர்டி இருக்கிறது. அதை ரேக் அண்ணாவின் இண்டெக்சருக்கே டெலிகேட் செய்யலாமா?

லாஸ்பேட்டை_ரேக்
9 பிப்ரவரி, இரவு 10.35

செய்யாதே தம்பி. இழையில் பழகின முகம் என்பதற்காக யாருக்கும் செய்யாதே.

போடும்போதே 0.5 சதவீதம் எரிந்துவிடும். வெளியே எடுக்க 28 நாள் காத்திருக்க வேண்டும், அந்த நாள்களுக்கு வெகுமதி கிடையாது. இண்டெக்சர் எவ்வளவு வெட்டிக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார் என்று பார். சொந்த ஸ்டேக்கைப் போல 16 மடங்கு வரைதான் டெலிகேஷன் கணக்கில் வரும். அதைத் தாண்டி நிரம்பி வழிகிறவரிடம் போட்டால் உன் பங்கு நீர்த்துப்போகும். முக்கியமாக, அலொகேஷன்களை ஒழுங்காக மூடுகிறாரா என்று பழைய வரலாற்றைப் பார். அவர் வெட்டிக்கொள்ளும் பங்கு பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், நான்கு மாதம் கழித்து மாற்றிவிடுவார்.

ரஸ்ட்_நண்டு
10 பிப்ரவரி, காலை 10.00

அலை, அந்த சர்வரை வீணாக்க வேண்டாம். கிராஃப் நோடைத் தனியாகவே வீட்டில் ஓட்டலாம். நெட்வொர்க்கில் சேர வேண்டியதில்லை, ஸ்டேக் வேண்டியதில்லை. ஆர்க்கைவும் வேண்டாம், இலவச ஆர்பிசி ஒன்று போதும், ஈவென்ட் மட்டும் படிக்கிற சப்கிராஃபாகப் பார்த்து எடுங்கள். கிராவதார் என்ற பயிற்சி சப்கிராஃப் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு இடத்தில் எல்லாரும் விழுவார்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை உருவாக்கும்போது லோகேல் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் அமைப்பு) சி என்று கொடுக்காவிட்டால் கிராஃப் நோடு எழவே எழாது. மேனிஃபெஸ்டில் தொடக்க பிளாக்கைக் கொடுக்காவிட்டால் பூஜ்ஜியத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கும், அடுத்த பொங்கல் வந்துவிடும். கிராவதார் 6175244ஆவது பிளாக்கில் தொடங்குகிறது. யூனிஸ்வாப் வி3 (டோக்கன் மாற்றிக்கொள்ளும் செயலி) ஃபேக்டரி கான்ட்ராக்ட் 12369621.

8020, 8030 போர்ட்டுகளை வெளியே திறந்து வைக்காதீர்கள். 8020 நிர்வாக வாசல்.

தேவனாம்பட்டினம்_அலை
19 பிப்ரவரி, இரவு 11.30

அக்கா, லோகேலில் விழவில்லை, நீங்கள் சொன்னதால் தப்பித்தேன். 8020இல் விழுந்தேன்.

வெளியிலிருந்து என் லேப்டாப்பில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு டனல் போட்டேன். எல்லா போர்ட்டும் சேர்ந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என் கிராஃப் நோடில் ஏழு சப்கிராஃப் ஓடுகிறது. நான் ஏற்றினது ஒன்று. மற்ற ஆறும் யாருடையவை என்றே தெரியாது. இலவச ஆர்பிசியின் அன்றைய அளவு காலையிலேயே தீர்ந்துபோனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து.

முந்திரிக்கொட்டை
19 பிப்ரவரி, இரவு 11.33

ஆறு வாடிக்கையாளர்! தொழில் சூடு பிடித்துவிட்டது.

தேவனாம்பட்டினம்_அலை
1 மார்ச், இரவு 11.05

சிங்க் முடிந்தது. ஒரு தடவைக்கு 2,000 பிளாக் வரை கேட்கும்படி வைத்து ஓட்டினேன். 61 லட்சத்துச் சொச்சத்தில் தொடங்கி 2 கோடியே 19 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்து நிற்கிறது. நடுவில் ஒரு தடவை ராம் தகராறு, ரப்பர் போட்டேன். மற்றபடி பிரச்சினை இல்லை.

அப்புறம் ரேக் அண்ணாவிடம் ஒரு உதவி கேட்டேன். அவரும் அதே கிராவதாரைத் தன் டெஸ்ட் பெட்டியில் ஓட்டினார். இரண்டு கோடியாவது பிளாக்கில் இருவருடைய சான்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது திட்டம். முதல் தடவை ஒத்துப்போகவில்லை. எனக்குப் பகீர் என்றது. பார்த்தால், நான் ஸ்கீமா கோப்பில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். கோப்பு ஓர் எழுத்து மாறினாலும் கியூஎம் என்று தொடங்குகிற அதன் அடையாள எண்ணே மாறிவிடும். ஆக இருவரும் ஓட்டினது இரண்டு வெவ்வேறு சப்கிராஃப். குறிப்பை எடுத்துவிட்டு, அவருடைய அதே எண்ணை என் நோடில் ஏற்றி, திரும்ப ஓட்டினேன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

இன்று இரவு ஃபோனில் ஒப்பிட்டோம். அனுப்பி ஒட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், ஆனால் அப்பா விடவில்லை. அவர் காலத்தில் நகல் எழுதினால் ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் மூலத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவார், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்களாம். என் திரையை அவர் வாசித்தார், அந்தப் பக்கம் அண்ணா ஒப்பிட்டார். 64 எழுத்து. முப்பதாவதோ என்னவோ, அப்பா பி என்பதை ஆறு என்று வாசித்துவிட்டார், அண்ணா அங்கே "ஐயோ, இல்லையே!" என்று பதறிவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து திரும்ப வாசித்தார்.

பொருந்துகிறது. சர்வரை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். அம்மா தூங்கப் போய்விட்டார்.

லாஸ்பேட்டை_ரேக்
1 மார்ச், இரவு 11.20

ஒப்பிட்டவர் கையெழுத்து: லாஸ்பேட்டை. அப்பாவிடம் சொல், அடுத்த வாரம் யூனிஸ்வாப்.